மூணுல ஒண்ணுதான் உள்ள போச்சு

மனிதர்கள் பேசுவதைக் காதால் கேட்காமல் கம்ப்யூட்டர் மாதிரி கேட்ட ஒரே பிரகிருதி எங்கள் ஸ்கேனெஃப்தான்.

தொண்ணூறுகளில் தி.நகரில் பாத்திரக்கடை மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. சி மொழியில் எஸ்ஸ்கேனெஃப் என்று ஒன்று உண்டு. ஒரு வரியைக் கொடுத்தால் பேர், எண், இடம் என்று நாம் சொன்ன வரிசையில் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போடும். வரிசை தப்பினால் அங்கேயே படுத்துவிடும். எத்தனை டப்பா நிரம்பியது என்று மட்டும் எண்ணிச் சொல்லும்.

கூட வேலை பார்த்த நம்மாளும் அப்படியே; அதனால்தான் அந்தப் பட்டப்பேர். டீக்கடையில், "டீ, ரெண்டு, மாடிக்கு." ஒருநாள் மானேஜர் அரைமணி நேரம் கத்தித் தீர்த்தார். இவன் அமைதியாக, "சார், மூணுல ஒண்ணுதான் உள்ள போச்சு" என்றான்.

"எதுய்யா?"

"என் பேரு சார்."

நான் அப்போது புரொபேஷனில் இருந்தேன். மயிலாப்பூர் அம்புஜம் மாமியின் கல்யாணத் தகவல் நிலையத்துக்கு ஒரு புரோக்ராம் எழுதியிருந்தேன். டெமோ சொதப்பினால் வேலை காலி. துணைக்கு ஸ்கேனெஃப்.

மாமி முதலில் தன்னையே தட்டிப் பார்த்தார்: அம்புஜம் 61 பரணி. ஸ்க்ரீனில் ஜம்மென்று வந்தது. அடுத்து, பெண்ணுக்கு வரன் பதிய வந்திருந்தவர் சொல்லச் சொல்ல: வி. லலிதா 22 ரோகிணி.

பேர்: வி. வயது: 61. நட்சத்திரம்: பரணி.

"என் பொண்ணுக்கு அறுபத்தொண்ணா? எனக்கே அம்பத்திநாலுதான் ஆறது!"

அடுத்து எஸ். கண்ணன், 27. அவரும் 61, பரணி.

"ஜோடிப் பொருத்தம் பிரமாதம் மாமி" என்று உளறினேன்.

"இரு, ஒங்க மானேஜருக்கு ஃபோன் போடறேன்."

வியர்வையைத் துடைப்பதாக நினைத்து மானிட்டரைத் துடைத்தேன். "மச்சி, என் வேலை, எங்கம்மா, நான் என்ன பண்ணுவேன்..."

"ஒண்ணும் உள்ள போகல. வரிசையா சொல்லு."

"லலிதா. அறுபத்தொண்ணு. ஸ்க்ரீன்ல."

"ஆங், மூணும் வந்துச்சு. உன் புரோக்ராம்ல மூணும் வந்துச்சான்னு பாத்தியா?"

"அதை வேற பாக்கணுமா?"

"அது எண்ணிச் சொல்லிக்கினே கீது, நீதான் காதுல வாங்கல. 'வி.'க்கு அப்பால எடம் வுட்டுக்கீறாங்க. பேரு முடிஞ்சுதுன்னு நெனச்சு, வயசு டப்பாவுல லலிதாவத் திணிக்கப் பாத்து படுத்துகிச்சு. மாமி வயசு அப்டியே நிக்குது."

என் நண்பர்களின் பேரை வைத்துச் சோதித்தவன் நான். எங்களில் யார் இனிஷியலோடு கூப்பிட்டுக்கொண்டோம்? பேருக்குப் பின்னால் கமா போட வைத்து, புரோக்ராமைக் கமா வரை படிக்கச் சொன்னேன். எண்ணிக்கை மூன்று இல்லையென்றால் 'கீ' என்று கத்தவும் ஏற்பாடு. லலிதாவுக்கு இருபத்திரண்டு திரும்பியது.

"அப்பாடா, மறுபடியும் அவளுக்கு அப்பா ஆயிட்டேன்!" என்றார் அவர். மாமி ஃபோனை வைத்துவிட்டு வடை எடுத்துவரப் போனார்.

லஸ் பஸ் ஸ்டாப்பில் அவனுக்கு நன்றி சொல்லத் தொடங்கினேன். வேலை, அம்மா, கண்ணீர் என்று எல்லாம் கலந்துகட்டி வந்தது. அவன் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். புரிந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, வரிசையாகச் சொன்னேன்.

"சிநேகிதன். ஒண்ணு. எனக்கு."

பஸ்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மூணும் உள்ள போச்சு நைனா."