பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க் கொண்ட பரணி

வாழ்க தமிழழகன்! கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், மாடிப்படி ஏறியவுடன் செருப்பைக் கழற்றச் சொல்லும் ஸ்டூடியோவின் ஒருகுடை வேந்தன். எட்டாண்டுக் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் படமெடுத்து, எடுத்ததில் ஒரு நொடியைக்கூட அழிக்க மனம் வராத பெருங்கருணையாளன். அந்தக் கருணையாலேயே இடமின்றித் திண்டாடியவன்!

கணினி நிறைந்து வழிந்தபோதும் கலங்காத அவ்வீரன், மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றின் கிழட்டுக் கணினிகள் மூன்றை உளுந்தூர்பேட்டையிலிருந்து ஏற்றிவந்து, களிற்றுப்படைபோல் அணிவகுத்து நிறுத்தி, நீல வயர்களால் பிணைத்து, அவற்றின் ஒன்பது ஹார்ட் டிஸ்குகளும் ஒரே களஞ்சியமாக நடக்கும்படி செய்திருந்தான். ஒவ்வொரு படமும் மூன்று பிரதிகளாக மூன்று கணினிகளில் வீற்றிருக்கும். ஒன்று மாண்டாலும் மற்ற இரண்டு காக்கும். இதை அவன் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும், டீ கொண்டுவந்தவர்க்கும்கூட விளக்கியிருந்தான்.

அந்தப் புதன்கிழமை காலை, நான்காம் கணினியையும் அதன் மூன்று டிஸ்குகளையும் படையில் சேர்த்தவன், "இனிமே கல்வராயன் மலையையே கொண்டாந்தாலும் என்கிட்ட எடம் கீது!" என்று எடிட்டர் செந்தமிழ்ச்செல்வியை நோக்கி முழங்கினான். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

முழக்கம் அடங்குமுன் மூண்டது போர். புதியவனுக்குப் பங்கு தரவேண்டுமென்று பழைய கணினிகள் மூன்றும் தம் கோப்புகளை ஒரே சமயத்தில் அள்ளி வீச, விசிறிகள் பிளிற, விளக்குகள் வெகுண்டு சிமிட்ட, களஞ்சியம் முழுதும் தானே தன்னோடு பொருதிற்று. அவ்வேளையில் படியேறி வந்தாள் குஞ்சம்மாள்.

தியாகதுருகத்துப் பக்கம் களையெடுக்கும் கூலிக்காரி. கணவன் முனியன் இறந்து நாற்பது நாள். மகள் கல்யாண வீடியோவில் ஓரிடத்தில் அவன் பேசுவான். அவன் குரல் வேறெங்கும் இல்லை.

"அந்த ஒண்ண மட்டும் போன்ல ஏத்திக் குடுப்பா. கொரலு மறந்து போய்க்கினே இருக்குது."

"அஞ்சே நிமிசம்மா!" என்று சூளுரைத்தான் வேந்தன்.

அரை மணி ஆயிற்று. வீடியோ திறக்கவில்லை. கோப்புகள் நகர்ந்து முடிய ஒன்பது மணி நேரம் என்றது திரை; பிறகு இரண்டு நாள் என்றது; பிறகு, சற்றும் வெட்கமின்றி, பதினேழு நாள் என்றது. அந்நேரம் பார்த்து இரண்டாம் கணினியின் மூத்த டிஸ்க் ஒன்று 'டிக், டிக்' என்று முனகி வீரசுவர்க்கம் புகுந்தது. ஒன்று மாண்டாலும் இரண்டு காக்கும் என்று ஊருக்கெல்லாம் ஓதியவன், ஒருமுறையேனும் ஒன்றைப் பிடுங்கிச் சோதித்ததில்லை என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

"இன்னாப்பா, வருதா?"

"வந்துக்கினே இருக்குதும்மா."

வெட்கம் அறியாத வேந்தன் அவன். ஆயினும் பதினேழு நாள் என்ற திரையை அவள் காணாதபடி மெல்லத் திருப்பி வைத்தான்.

செந்தமிழ்ச்செல்வி ஹெட்போனைக் கழற்றினாள். "ஏண்ணே, அத்தனையும் ஒரே நேரத்துல நகத்தினா எப்டி? கொஞ்சங்கொஞ்சமா நகத்தச் சொல்லுங்க. கேக்க வந்தவங்களுக்கு மொதல்ல குடுக்கட்டும்."

மந்திராலோசனை ஏற்றான் மன்னன். டிஸ்கிற்கு ஒரு கோப்புக்கு மேல் ஒரே வேளையில் நகரலாகாது என்று ஆணை தட்டினான். விசிறிகள் தணிந்தன. திரை விழித்தது. மாண்டுபோன டிஸ்கைக் கடந்து, மிஞ்சிய பிரதிகளில் ஒன்றிலிருந்து ரச வாளியோடு முனியன் எழுந்து வந்தான். பந்தியில் நின்றபடி கேமராவைப் பார்த்து முறைத்தான்.

"என்னிய இன்னாத்துக்குப் புடிச்சிக்கினு இருக்க? போயி பொண்ணப் புடிப்பா!"

குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறிற்று. "இன்னொரு வாட்டி போடு," என்றாள். ஆறு முறை போட்டான்.

நாற்கணினி நாயகனாய், பன்னிரு டிஸ்கிற் பதினொன்று மீந்த பேராண்மையனாய், காலனிடமிருந்தே ஒரு குரலைக் கவர்ந்து வந்தவனாய்த் தன்னைத் தானே வியந்து, வீடியோவை ஏற்றுதற்குக் குஞ்சம்மாளின் போனை இரு கையாலும் ஏந்திக் கேபிளைச் செருகினான் தமிழழகன்.

போனில் இடம் இல்லாததால், இருவரும் உட்கார்ந்து குட்மார்னிங் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார்கள்.