புதுப் பிடி போட்ட ரிவால்வர்

இந்தக் கோடையில் படகு வாங்கியே தீருவது என்று வெர்லின் டாக்கெட் தீர்மானித்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தீர்மானம் இரும்பு மாதிரி உறுதியானது. பணம்தான் இல்லை.

பக்கத்து வீட்டு லொய்ட் தன் மீன்பிடிப் படகை மூவாயிரம் டாலருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். வெர்லின் வீட்டில் மூவாயிரம் பெறக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: படுக்கையறை அலமாரியில் கம்பளிக் காலுறைக்குள் கிடந்த ரிவால்வர். நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தியது. அதில் ஒரு சின்னச் சங்கடம். அது அவர் மனைவி நடீனுடையது. நடீனின் அம்மாவுக்கு ஓர் அத்தை இருந்தார். ஒக்லஹோமாவில் ரயில் பாதை போட்டவர்களுக்குச் சாப்பாட்டு விடுதி நடத்தியவர். குடித்துவிட்டு வம்பு செய்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக அதை வைத்திருந்தார். ஒரு தடவைகூடச் சுட்டதில்லையாம். காட்டியதே போதுமானதாக இருந்ததாம்.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைச் சாப்பாட்டின்போது, வெர்லின் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"நடீன், அந்தத் துப்பாக்கி சும்மாதானே கிடக்குது?"

"நீயும்தான் ஞாயித்துக்கிழமையெல்லாம் சும்மா கிடக்குறே. உன்னை வித்துட்டேனா?"

"அதுக்கில்ல. லொய்ட் படகைக் கொடுக்கிறாரு. மூவாயிரம்தான்."

வெர்லின் சண்டைக்குத் தயாராக ஏழு பதில்களை யோசித்து வைத்திருந்தார். நடீன் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"சரி, வித்துக்கோ."

ஏழு பதில்களும் வீணாகிப்போயின.

"ஆனா மூவாயிரத்துக்கு ஒரு டாலர் குறைஞ்சாலும் விக்கக் கூடாது. எங்கம்மாவோட அத்தை பொருள் மட்டமா போகக் கூடாது. சத்தியம் பண்ணு."

வெர்லின் கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் நடீன் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் இணங்கியதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"அப்புறம் கண்ணு, அந்தப் பிடி விரிசல் விட்டுக் கிடக்குது. இப்படியே கொண்டுபோனா எவன் தொடுவான்? நீ எவ்வளவு பெரிய மெக்கானிக்."

வெர்லின் பழைய டிராக்டர்களைப் பழுது பார்க்கிறவர். அவர் தொழிலுக்கு ஒரே சட்டம்: தேய்ந்ததைக் கழற்று, நல்லதைப் போடு, விலை ஏறும். மான்கொம்பு மாதிரி மின்னும் பிடி ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். அறுபது டாலர். மாட்டியதும் ரிவால்வர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நடீன் அவருடைய பட்டறைக்கே வந்தார். அது அதிசயம். வழக்கமாக அவர் அங்கே வருவது, குப்பையைப் பற்றிப் பேசத்தான்.

"வெர்லின், குண்டு போடுற இந்தச் சக்கரம் ஏன் லொடலொடன்னு ஆடுது?"

"வயசாயிடுச்சு."

"மாத்திடேன்."

மாற்றினார். அதற்கடுத்த வாரம் தேய்ந்துபோன திருகாணிகளைக் காட்டினார் நடீன். அவையும் மாறின. விசை, சுருள்வில், குண்டைத் தட்டுகிற சுத்தி என்று வாரம் ஒன்று மாறியது. மனைவிக்கு இந்த வயதில் தொழிலில் ஆர்வம் வந்ததே என்று வெர்லினுக்கு உள்ளூரப் பெருமை. அதே உற்சாகத்தில், மொத்தத் துப்பாக்கிக்கும் நிக்கல் முலாம் பூசலாம் என்றார்.

"முலாம் மட்டும் வேண்டாம்" என்றார் நடீன், கொஞ்சம் அவசரமாக. "ரொம்பப் பளபளன்னு இருந்தா எவனுக்காவது சந்தேகம் வரும்."

என்ன வியாபார மூளை என்று வியந்து, வெர்லின் முலாம் யோசனையைக் கைவிட்டார்.

மே மாதம் அவர்கள் ஊரான உட்வர்டின் சந்தை மைதானத்தில் துப்பாக்கிக் கண்காட்சி நடந்தது. பழைய துப்பாக்கிகளை மதிப்பிடுவதில் அந்தப் பக்கத்தில் ராய்ஸ் ஆப்பிள்வைட் சொன்னால் சொன்னதுதான். எண்பது வயது. கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி. ரிவால்வரை வாங்கி உடம்பைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிடியைப் பார்த்தார். முகம் வாடியது. சக்கரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"யாரு தம்பி இதுக்கு இவ்வளவு கெடுதல் பண்ணினது?"

"நான்தாங்க ஐயா. எல்லாம் புதுசு."

"அதான் கெடுதல். இங்க பாரு, உடம்புல ஒரு நம்பர் அடிச்சிருக்கு. சக்கரத்துல வேற நம்பர். தொழிற்சாலையை விட்டு வந்தப்போ ரெண்டும் ஒரே நம்பரா இருந்திருக்கும். பிடி பிளாஸ்டிக்கு. திருகாணி போன மாசம் பிறந்தது. அறுநூத்தம்பது தரலாம்."

வெர்லினின் கண்முன்னே படகு மெல்லக் கரையை விட்டு விலகியது.

"டிராக்டருக்குப் புது இன்ஜின் போட்டா விலை ஏறுதே ஐயா?"

"டிராக்டரை உழுறதுக்கு வாங்குறான். இதை எவன் சுடுறதுக்கு வாங்குறான்? அந்த அம்மா கையில பிடிச்ச அதே பிடின்னுதான் வாங்குறான். விரிசலுக்கும் சேர்த்துத்தான் காசு. பழைய பாகமெல்லாம் இருக்கா? இருந்தா நாலாயிரத்துக்கு நானே எடுத்துக்குவேன். நல்லவேளை, முலாம் பூசலை. பூசியிருந்தா மீள வழியே கிடையாது."

வெர்லினுக்கு எங்கேயோ இடித்தது.

"எந்த அம்மா? இது ஒரு அம்மா வச்சிருந்ததுன்னு நான் சொல்லவே இல்லையே."

ராய்ஸ் தாடையைச் சொறிந்தார். "ஜனவரிக் கண்காட்சிக்கு ஒருத்தங்க வந்தாங்க. பீக்கன் பருப்பு போட்டுச் சுட்ட பைப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாங்க. ஓரமெல்லாம் கோதுமைக் கதிர் மாதிரி பின்னல். அப்படி ஒரு பை நான் தின்னதில்ல. அவங்க அம்மாவோட அத்தை துப்பாக்கியாம், இதே மாதிரி ஒண்ணு. என்னென்ன மாத்தினா விலை விழும்னு கேட்டாங்க. எல்லாரும் விலை ஏறத்தான் கேப்பாங்க, இவங்க என்னடா இப்படின்னு நினைச்சேன். எதெதைத் திரும்பச் சரிபண்ண முடியும்னும் கேட்டு எழுதிக்கிட்டாங்க."

உட்வர்டில் பைப் பலகாரத்தின் ஓரத்தைக் கோதுமைக் கதிர் மாதிரி பின்னுகிறவர் ஒரே ஒருவர்தான்.

வெர்லின் வீட்டுக்கு வந்ததும் நேரே பட்டறைக்குப் போனார். கழற்றிப்போட்ட பாகங்களைக் குப்பைத் தொட்டியில் தேடினார், மேஜைக்கு அடியில் தேடினார். ஒரு திருகாணிகூட இல்லை. சமையலறைக்கு வந்து ரிவால்வரை மேஜை மேல் வைத்தார்.

"பழைய பாகமெல்லாம் எங்கே நடீன்?"

"பத்திரமா இருக்கு" என்றார் நடீன், உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கேன்னு மட்டும் கேக்காதே."

"ஜனவரியிலேயே போயிருக்கே. அப்போ நான் வாயே திறக்கலையே."

"கிறிஸ்மஸ்லேர்ந்து ஜன்னல் வழியா லொய்ட் படகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கிட்டு இருந்தே. வாய் வேற திறக்கணுமா?"

"விக்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா ஆகஸ்ட் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பே. இப்போ பாரு, நீயா கொண்டுபோய் நீயாவே திருப்பிக் கொண்டுவந்துட்டே. சத்தியமும் காப்பாத்திட்டே."

வெர்லின் நாற்காலியில் உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்தால் கோபப்பட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

"அப்போ நான் மீன் பிடிக்கவே வேணாமா?"

"யாரு அப்படிச் சொன்னா?" நடீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளில் தட்டினார். "ஏரிக்கரையில மணிக்கு இருபது டாலருக்கு வாடகைப் படகு கிடைக்குதாம். உன் புதுப் பிடியைக் கழட்டி வித்தா, மூணு மணி நேரம் தாராளமா பிடிக்கலாம்."