வானத்துப் பாஷையும் அர்த்த அம்மாவும்

படம் ஓடாமல் மூடிக்கிடந்த சினிமா தியேட்டர் அது. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹவுஸ்ஃபுல். பால்கனியில்கூட நிற்க இடமில்லை. பரலோகமே நேரில் பேசுகிறதாம். டிக்கெட் கிடையாது. வெளியே வரும்போது பை இளைத்திருக்கும், அவ்வளவுதான்.

மேடையில் இரண்டு பேர். ஒருவர் சபை நடத்தும் ஊழியர், 'அக்கினி ஐயா'. பிரசங்கத்தின் நடுவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு யாருக்கும் புரியாத சத்தங்களைக் கொட்டுவார். அது வானத்துப் பாஷை. பக்கத்தில் அவர் மனைவி. கொட்டியதை அள்ளி, சுடச்சுட அர்த்தம் சொல்லுவார். அதனால் 'அர்த்த அம்மா'. கடவுள் புருஷனிடம் ஒரு பாஷையில் பேசுவார், அதன் பொருளைப் பெண்சாதியிடம் கொடுத்தனுப்புவார். நமக்குப் புரிகிற மாதிரி நேராகவே பேசினால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் விசுவாசக் குறைவு என்று அதற்கும் அம்மாவிடம் அர்த்தம் இருந்தது.

கூட்டத்தில் ஒருவர் பஸ் டிப்போ மெக்கானிக். பல வருஷமாகச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, தன் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தவர். ஒரு ஞாயிறன்று அக்கினி ஐயா அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, பாஷை பேசினார். அர்த்தம் வந்தது:

"மகனே, உன் உடம்பைக் குத்துற ஊசியைத் தூக்கி எறி. இனி நானே உனக்கு மருந்து."

தியேட்டர் அதிரக் கைதட்டல். மெக்கானிக் அழுதுகொண்டே பையிலிருந்த ஊசியை மேடையிலேயே உடைத்துப் போட்டார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயதிலிருந்து ஜெபிக்காமல் படுக்காதவர். வீட்டில் கெஞ்சிப் பார்த்தார். ஆண்டவரே சொன்ன பிறகு நீ யார் என்று கணவர் கேட்டார். கடவுளோடு எப்படி வாதாடுவது?

பூட்ஸ் கடித்துக் காலில் ஒரு கொப்புளம் வந்தது. அது புண்ணாகிக் கறுத்தது. மெக்கானிக் சாக்ஸைப் போட்டு மறைத்தார். வலிக்கிறது என்று சொன்னால் விசுவாசம் போய்விடுமே! கடைசியில் ஒரு நாள் டிப்போவில், பஸ்ஸுக்கு அடியிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டு.

டீச்சர் அக்கினி ஐயாவிடம் போய் நியாயம் கேட்டார். ஐயா பெருமூச்சு விட்டார். விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருந்திருக்க வேண்டும் என்றார். அந்த வாரப் பிரசங்கத்தில் ஓட்டையின் விலாசத்தையும் சொல்லிவிட்டார்: சந்தேகப்படுகிற மனைவியால் ஒரு சகோதரர் தன் விரல்களை இழந்தாராம். பக்கத்தில் இருந்த பெண்கள் டீச்சரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அடுத்த ஞாயிறு. ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்லும் நேரத்தில் டீச்சர் மேடையேறினார். தனக்கும் பாஷை வந்திருக்கிறது என்றார். சந்தேகப்பட்ட டீச்சர் மனந்திரும்பிவிட்டார் என்று அக்கினி ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். மைக்கைத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

டீச்சர் கண்ணை மூடிப் புரியாத பாஷையில் நாலு வரி சொன்னார்.

அர்த்த அம்மா கையைத் தூக்கினார். "என் ஜனமே, வானத்தின் கதவைத் திறக்கிறேன்!"

டீச்சர் மறுபடி பேசினார். "உங்க சத்துருக்களைச் சிதறடிப்பேன்!" என்றது அர்த்தம். மூன்றாவது தடவை, "இந்த ஆலயத்துக்குக் கொடுக்கிறவங்களுக்கு இரட்டிப்பாத் தருவேன்!" அதற்குத்தான் பலமான ஆமென்.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"மூணு தடவையும் நான் ஒரே நாலு வரியைத்தான் சொன்னேன். எங்கப்பா வெளிநாட்டுத் துறைமுகத்துல வேலை பார்த்தப்ப, அங்க நான் படிச்ச பாஷை. வெள்ளைத் துணியையும் கலர்த் துணியையும் ஒண்ணாப் போடாதே. சட்டைப் பையைப் பார்த்துட்டுப் போடு. சோப்புத்தூள் அளவாப் போடு. மூடியை நல்லா மூடு. வாஷிங் மெஷின் எப்படிப் போடுறதுன்னு சொன்னேன்."

பால்கனியில் ஒரு பெண் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த நாட்டில் நர்ஸாக இருந்தவர். டீச்சர் சொன்னது அத்தனையும் சரி, முதல் தடவையிலிருந்தே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன் என்றார்.

அக்கினி ஐயா, சாத்தான் மேடையேறிவிட்டான் என்று கத்தினார். அர்த்த அம்மா அவர் காதில் கிசுகிசுத்தார். தன் கையிலிருந்த மைக்கை அணைக்கவில்லை என்பதை மறந்துவிட்டார்.

"யார் கையிலயும் மைக்கைக் குடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

அன்றைக்கு அவர் சொன்னதில் எல்லோருக்கும் அர்த்தம் புரிந்தது அது ஒன்றுதான்.

டீச்சர் குரல் உயரவில்லை. "ஊசியை எறின்னு உங்க வாயால சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரர் ஒரு டாக்டரையாவது கேட்டிருப்பார். ஆண்டவர் பேரைச் சொன்னீங்க. அதுக்கு மேல எங்க வீட்டுக்காரர் யார்கிட்டப் போய்க் கேப்பார்? தப்பாப் போனதும் பழியை என் தலையில போட்டீங்க. கடவுள் பேரால சொல்றவங்களுக்குப் பொறுப்பு கூடணுமா, குறையணுமா?"

அக்கினி ஐயாவின் கண் பின்வாசலைத் தேடியது. அதேபோல் ஐயா பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மேடையை நோக்கி நடந்தார்கள். தம்பதி பின்வாசல் வழியாக வெளியேறினார்கள்.

ஆஸ்பத்திரியில் மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஊசியோடு வந்தபோது தானே கையை நீட்டினார். டீச்சர் அப்போதுதான் அழுதார்.

தியேட்டர் இப்போது பூட்டிக்கிடக்கிறது. அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தில் வேறொருவருக்கு வானத்திலிருந்து தரிசனம் கிடைக்க ஆரம்பித்திருக்கிறதாம். இடம் பிடிக்க ஓடுகிறவர்களே, கடவுள் பேசினார் என்று எவராவது சொன்னால் முழங்கால் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி போடுங்கள். கேள்வியைக் கண்டு ஓடுகிறவர் யாராக இருந்தாலும், நிச்சயமாகக் கடவுளின் ஆள் இல்லை.