சறுக்காத சறுக்குவண்டி

ஜாக்கிரதைக்காரர் என்று நம்மிடையே ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது கடினமில்லை. அடுப்பை அணைத்த பிறகு அணைந்த அடுப்பை இன்னொரு தரம் அணைப்பவர். பூட்டிய பூட்டை நாலு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், ஐந்தாவது முறை இழுப்பதற்காகத் திரும்பி வருபவர். பஸ் புறப்பட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே நிலையத்துக்கு வந்து, முந்தைய பஸ்ஸைக் கூட்டம் என்று விட்டுவிட்டு, தன் பஸ்ஸை டிரைவர் கொட்டாவி விடுகிறார் என்று விட்டுவிட்டு, கடைசியில் பத்திரமாக வீட்டுக்கே திரும்பிவிடுகிறவர். அவர்தான்.

இவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். கோழை தனக்காகப் பயப்படுவான். ஜாக்கிரதைக்காரரோ உங்களுக்காகப் பயப்படுவார். கோழையோடு குடித்தனம் நடத்திவிடலாம்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அர்ஜுனனை எடுத்துக்கொள்வோம். இந்த இனத்தில் இவ்வளவு முழுமையாக வளர்ந்தவர் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி ஆகியவை அவர் தொழில். வேங்கிக்காலில் முளைக்கும் புது வீடுகளில் பலவற்றுக்கு அவர் செய்த கேட்தான். அந்தக் கேட்டில் லாரி மோதினால் லாரியைத்தான் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர்களுக்கு உள்ள ஒரே குறை, அதைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும் என்பது. அதைச் சொன்னால், திறப்பதற்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்பார்.

அவருக்கு அபிநயா என்று ஒரே மகள். மூன்றாம் வகுப்பு முடித்து நாலாம் வகுப்புக்குப் போகிறவள். கோடை விடுமுறை விட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏரிக்கரைதான் வீடு. காய்ந்த பனையோலையின் மேல் உட்கார்ந்து, மட்டையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கரையின் உச்சியிலிருந்து காய்ந்த புல்லில் சர்ரென்று இறங்குவார்கள். இறங்கினதும் ஓலையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். விடுமுறையின் மூன்றாம் நாள் அபிநயா முழங்காலில் சின்னதாக ஒரு சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தாள்.

அவள் அம்மா அருணாதேவி காயத்தைக் கழுவி, மஞ்சள் வைத்து, சாப்பிடக் கூப்பிட்டாள். அர்ஜுனன் அந்தச் சிராய்ப்பை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சட்டம் போட்டார். அடிபடாத சறுக்குவண்டி ஒன்றை நானே செய்து தருகிறேன், அது முடியும் வரைக்கும் ஏரிக்கரைப் பக்கம் போகக் கூடாது.

"எப்பப்பா முடியும்?" என்றாள் அபிநயா.

"நாளைக்கு சாயங்காலம்."

உண்மையைச் சொல்ல வேண்டும்: மறுநாள் சாயங்காலம் வண்டி முடிந்துதான் இருந்தது. முறத்தைப் பெரிதாக்கினது போல ஒரு தகரம், முன்பக்கம் மேலே வளைத்து, ஓரமெல்லாம் கை கிழிக்காமல் மடித்து அடித்தது. அப்போதே எடுத்துக் குழந்தையிடம் கொடுத்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் ஜாக்கிரதைக்காரர் முடிந்த பொருளைக் கொடுக்க மாட்டார். எட்ட நின்று பார்ப்பார். அங்கேதான் வினை.

எட்ட நின்று பார்த்தபோது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லையே என்று தோன்றியது. கைப்பிடி வைத்தார். கைப்பிடி நிற்கத் தகரம் போதாது என்று அடியில் சதுரப் பைப்பில் சட்டம் போட்டார். சட்டம் வந்ததும், பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்தால் என்ன ஆவது என்று இரண்டு பக்கமும் கிரில் வைத்தார். கிரில்லில் தலை இடித்துவிடுமே? உள்ளே சுற்றிலும் ஸ்பாஞ்ச் ஒட்டினார். கேட் செய்து பழகிய கை தன்பாட்டுக்குக் கிரில்லின் மேல் வரிசையாக ஈட்டி முனைகளைப் பற்றவைத்துவிட்டது. இது ஆபத்தாயிற்றே என்று மறுநாள் உறைத்தது. அவற்றை அறுத்துப் போடவில்லை. வரிசை அழகாக இருந்தது. பதினாறு முனைக்கும் பதினாறு ரப்பர் மூடி வாங்கி வந்து மாட்டினார்.

பட்டறையில் டீ குடிக்க ஒதுங்கும் ஆட்டோக்காரர் சரவணகுமார், பெல்ட் போடலையாண்ணா என்று சும்மா கேட்டுவைத்தார். ஜாக்கிரதைக்காரரிடம் எதையும் சும்மா கேட்கக் கூடாது. பெல்ட் வந்தது. பெல்ட்டைப் பிள்ளை அவிழ்த்துவிட்டால்? கதவு வந்தது. கதவு என்றால் தாழ்ப்பாள் இல்லாமலா?

பிரேக்குக்கு மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று. பின்பக்கம் இரண்டு கொக்கி, நெம்புகோலை இழுத்தால் மண்ணைப் பிடிக்கும். நல்ல வேலைதான். ஆனால் பிள்ளை பயத்தில் இழுக்க மறந்துவிட்டால்? யோசித்து யோசித்து அமைப்பையே தலைகீழாக மாற்றினார். இப்போது பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். நெம்புகோலை இழுத்தால்தான் விடும். இழுத்துப் பார்த்த அபிநயாவால் அதை அசைக்கக்கூட முடியவில்லை. அதுவும் ஒரு பாதுகாப்புதான் என்று விட்டுவிட்டார்.

இதற்குள் மற்ற பிள்ளைகள் தினமும் ஓலையோடு பட்டறையைக் கடந்து போனார்கள். முதல் வாரம் அவளைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் வாரம் கையசைத்தார்கள். மூன்றாம் வாரம் கையசைக்கவும் மறந்தார்கள். அபிநயா பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, விடுமுறையில் மிச்சமிருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணினாள். எண்ண இரண்டு கை போதும் என்று ஆனபோது அப்பாவிடம் போனாள்.

"லீவுல இன்னும் பத்து நாள்தான்பா கீது."

"அவசரத்துல செய்ற வேலையாம்மா இது? அடுத்த வருசமும் லீவு வரும்."

குழந்தைக்கு அடுத்த வருடம் என்றால் என்னவென்று ஜாக்கிரதைக்காரருக்குப் புரியாது.

பௌர்ணமியன்று வண்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, காயட்டும் என்று பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தார். காலையிலிருந்தே மலையைச் சுற்றுகிறவர்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கிரிவலப் பாதையோரத்தில் சிவப்பாக, வரிசை முனைகளோடு, கதவும் தாழ்ப்பாளுமாக ஒன்று நின்றால் அதைச் சும்மா கடந்து போக யாருக்கு மனம் வரும்? ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் குங்குமம் வைத்தார். பதினோரு மணிக்குக் கழுத்து நிறைய மாலையோடு வண்டி நின்றது. ஓர் அம்மாள் கற்பூரம் ஏற்றியபோதுதான் அர்ஜுனன் வெளியே ஓடி வந்தார். கும்பிடுவது குறித்து அவருக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கிறது, தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதுதான் கவலை. மறுநாளே வண்டியின் பின்பக்கம் ஒரு கொக்கி பற்றவைத்து, அதில் மணல் நிரப்பிய வாளி ஒன்றை மாட்டினார். ஏரிக்கரையில் யார் கற்பூரம் ஏற்றுவார்கள் என்று அருணாதேவி கேட்டாள். யாரும் ஏற்றமாட்டார்கள் என்று எழுதித் தருவாயா என்று அவர் கேட்டார்.

விடுமுறையின் கடைசி நாள் வண்டி ஏரிக்கரைக்குப் போயிற்று. குட்டியானை என்கிற சின்ன லோடு லாரியில் ஏற்றி, சரவணகுமாரும் மூன்று பேரும் சேர்ந்து கரை உச்சிக்குத் தூக்கினார்கள். பிள்ளைகள் சறுக்குவதை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். அபிநயா ஹெல்மெட் போட்டு உள்ளே உட்கார்ந்தாள். பெல்ட், கதவு, தாழ்ப்பாள். அர்ஜுனன் எல்லாவற்றையும் நாலு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு தானே நெம்புகோலை இழுத்து பிரேக்கை விட்டார்.

வண்டி நகரவில்லை.

பின்னாலிருந்து தள்ளினார்கள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி மூக்கை மண்ணில் புதைத்து, கட்டி முடித்த வீடு போல உட்கார்ந்தது. அர்ஜுனன் அதைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"பாத்தியா? ஒரு சின்ன அடிகூட படல."

"ஏங்க, அது சறுக்கவே இல்லீங்களே" என்றாள் அருணாதேவி.

"சறுக்குனாத்தானே ஆபத்து."

இந்த வாசகத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த இனத்தின் மொத்த தத்துவமும் இதில் அடங்கிவிட்டது.

கிரில்லுக்குள்ளிருந்து அபிநயாவின் குரல் வந்தது. அழுகை கலந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"அன்னிக்கு சறுக்கும்போது அடிபடலப்பா. ஓலைய தூக்கினு மேல ஏறும்போதுதான் வுழுந்தேன்."

சரவணகுமார் ஏரியின் மறுகரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

உண்மைதான். நாற்பது நாளாக அவளுடைய எடையைக் கேட்டிருந்தார், உட்கார்ந்த உயரத்தைக் கேட்டிருந்தார், இடுப்பளவை மூன்று தரம் எடுத்திருந்தார். எப்படி விழுந்தாய் என்று மட்டும் கேட்கவில்லை.

அருணாதேவி தாழ்ப்பாளை நெம்பிக் கதவைத் திறந்து மகளை வெளியே எடுத்தாள். பக்கத்தில் நின்ற சிறுமியிடமிருந்து ஒரு ஓலையை வாங்கிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். பிள்ளையும் பார்த்தது. சட்டம் போட்டவர் அவரல்லவா?

அர்ஜுனன் ஓலையைப் பார்த்தார். அதில் பிடி இல்லை, பெல்ட் இல்லை, பிரேக் இல்லை. தடதடவென்று சரிவில் இறங்கி ஓடினார். கரையின் அடியில், நட்டநடுவே, கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"உம், வா" என்றார்.

அபிநயா வந்தாள். புழுதியும் சருகும் பறக்க, சடை நட்டுக்கொண்டு நிற்க, தொண்டை கிழியக் கத்தியபடி வந்தாள். அந்தச் சரிவு முழுவதிலும் மோதிக்கொள்ள இருந்த ஒரே பொருள் அவள் அப்பாதான். மட்டையை ஒரு பக்கம் சாய்த்து அவரைச் சுற்றிக்கொண்டு போய், பத்தடி தாண்டிப் புல்லில் நின்றாள். அர்ஜுனன் கண்ணைத் திறந்தபோது பிள்ளை ஓலையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் வரை இருபத்துமூன்று முறை சறுக்கினாள். நாற்பது நாளுக்கு அது ஈடாகாது. ஆனாலும் அன்று ராத்திரி சோறு கையில் இருக்கும்போதே தூங்கிப்போனாள். சறுக்குவண்டி கரை உச்சியிலேயே நிற்கிறது. அதை இறக்க ஆள் கிடைக்கவில்லை.

அர்ஜுனன் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையே ஏரிக்கரைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் ஏறும் பக்கத்துக்கு ஒரு கைப்பிடி வேண்டும் அல்லவா? அடியிலிருந்து உச்சி வரை பைப்பில், நடுநடுவே தாங்கலோடு.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். சற்று முன் அபிநயா சறுக்கி வந்தபோது, அந்தப் பக்கம் ஏரியில் தண்ணீர் இருந்ததா, புல்லுக்குள் கல் ஏதும் கிடந்ததா, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்களா என்று உங்கள் மனம் ஒரு நொடி கேட்டதா இல்லையா? கேட்டிருந்தால் கிளம்பி வாருங்கள். கரை நீளமானது; அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அர்ஜுனனுக்கு ஓர் ஆள் வேண்டுமாம். பார்த்து வாருங்கள்.