பதினோரு ஊக்குகள்

நானூற்றுப் பன்னிரண்டு. மூன்று முறை எண்ணியும் அதே எண்தான் வந்தது. ஆனாலும் அன்புக்கரசிக்குத் தன் மேல் நம்பிக்கை வரவில்லை. விரலை எச்சில் தொட்டு, கையெழுத்துத் தாள்களை முதலிலிருந்து புரட்டினாள்.

"கையெழுத்து என்ன கத்தரிக்காயா, எண்ண எண்ணச் சொத்தை வந்துரப் போவுதா?" என்றார் கணவர் பெருமாள்சாமி.

"ஒண்ணு கூடுனாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்புங்க. ஆபீசர் கைக்குப் போறது."

போன ஆண்டு மகள் தமிழ்மதியைப் பார்க்க மஸ்கட்டுக்குக் கிளம்பியபோது, விமான நிலையச் சோதனையில் கருவி கத்தியது. ஒல்லியான சீருடைப் பெண் ஒருத்தி அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், தாலிச் சங்கிலியை வெளியே இழுத்து, அதில் மாட்டியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினாள். பதினொன்று. அவள் ஊரான தாடிக்கொம்பில் எந்தப் பெண்ணின் தாலியில்தான் ஊக்கு இல்லை? திரையோ பாதிதான் மூடியிருந்தது. வரிசையில் நின்ற நாலு ஆண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த மாதம் தமிழ்மதிக்குப் பிரசவம். போகாமல் இருக்க முடியாது. அந்தத் திரைக்குள் மறுபடி நிற்கவும் முடியாது.

தையல் வகுப்பு நடத்தும் பிரிஸ்கில்லாதான் வழி சொன்னாள். "மனு குடுப்போம்க்கா. தாலியத் தொடக்கூடாது, தனி ரூம் வேணும், அதுக்குக் கதவு வேணும். நூறு கையெழுத்துப் போதும்."

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் உட்கார்ந்தார்கள். விமானம் என்ற சொல் காதில் விழுந்ததுமே கூட்டம் மொய்த்தது.

"ஆதார் ஜெராக்ஸ் வேணுமா?"

"எனக்கு மட்டும் ஃப்ரீயா, வீட்டுக்காரருக்கும் சேத்தா?"

'இது இலவச விமானப் பயணம் அல்ல' என்று பிரிஸ்கில்லா அட்டையில் எழுதி வைத்தாள். கடைசிச் சொல்லுக்கு இடம் போதாமல் அதைப் பொடியாக எழுத வேண்டியதாயிற்று. கூட்டம் இரட்டித்தது.

வேறு வழியில்லாமல் அன்புக்கரசி எழுந்து நின்று, திரைக்குள் நடந்ததைச் சொன்னாள். பூக்கட்டும் கைகள் நின்றன.

"எனக்கு ஏரோப்ளேன் வேணாம் தாயி. நீ கேட்ட கதவு வேணும்" என்று ஒரு கிழவி கைநாட்டு வைத்தாள். அப்புறம் பேனா கைமாறிக்கொண்டே இருந்தது.

மனுவை நேரில் கொடுக்க அனுமதி கேட்டு எழுதியதற்கு விமான நிலையத்திலிருந்து பதில் வந்தது. ஐந்து பேர் வரலாம்.

முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு வேன், ஒரு அண்டா புளிச்சோறு.

"அஞ்சு பேரத்தான வரச் சொன்னாக?" அன்புக்கரசி தலையில் கைவைத்தாள்.

"நீ உள்ள போ அன்பு. நாங்க பிளேன மட்டும் பாத்துட்டு ஓரமா நிக்கிறோம்" என்றார்கள் வேனிலிருந்து இறங்கியவர்கள்.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்பால் ஒரு விமானம் எழும்பியது. முப்பத்தெட்டுத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. நிலம் அதிர்ந்தது. ஒருத்தி கும்பிட்டாள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். வானத்தில் அது ஒரு புள்ளியாகும் வரை யாரும் தலையை இறக்கவில்லை.

"இம்புட்டுக் கனத்தத் தூக்குறவுகளுக்கு ஒரு கதவா பெரிசு?" என்றாள் பிரிஸ்கில்லா மெதுவாக.

வாசலில் கூட்டம் நிற்கக்கூடாதாம். அத்தனை பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அது அதைவிட வம்பாயிற்று. முதல் ஆள் நுழைந்தாள், கருவி கத்தியது. இரண்டாவது ஆள், கத்தியது. முப்பத்தெட்டு முறை கத்தியது. தட்டில் ஊக்குகள், பீரோ சாவிகள், முள்வாங்கி, மாதா பதக்கம் என்று குவிந்துகொண்டே போயின. காவலர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள்.

தட்டுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் அன்புக்கரசி பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே ஒல்லிப் பெண்.

அவள் மனுவைக் கையில் எடுத்தாள். "இதையும் செக் பண்ணணும்" என்று திரைக்குப் பின்னால் போனாள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்தாள்.

"பேப்பருக்குள்ள என்னத்தத் தடவுறா?" என்று முணுமுணுத்தாள் பிரிஸ்கில்லா.

அதிகாரி தன் அறையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு மனுவைப் படித்தார். கடைசித் தாளுக்கு வந்ததும் முகம் சுருங்கியது.

"லெட்டர்ல நானூத்திப் பன்னெண்டு பேருன்னு போட்டிருக்கீங்க. இங்க வரிசை நம்பர் நானூத்திப் பதிமூணுல முடியுது. ஒண்ணு போலி. இத நான் எப்படிம்மா வாங்குறது?"

அன்புக்கரசி நாலு விரலைக் காட்டினாள். "நாலு தடவ எண்ணுனேங்கய்யா..." என்றாள். குரல் அவளுக்கே சந்தேகமாகத்தான் கேட்டது. மஸ்கட்டில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்ப்பது போல் ஒரு நினைப்பு வந்தது. தாளை வாங்கிப் பார்த்தாள். கடைசி வரியில் மட்டும் நீல மை. அவள் பார்த்தே இராத கையெழுத்து.

"யாரு போட்டது?" அதிகாரியின் குரல் உயர்ந்தது.

அறை வாசலில் காவலுக்கு நின்ற ஒல்லிப் பெண் ஓரடி முன்னால் வந்தாள். காக்கிச் சட்டைக் கழுத்துக்குள் விரலை விட்டுத் தாலிச் சங்கிலியை வெளியே எடுத்தாள். அதில் மூன்று ஊக்குகள் தொங்கின.

"நாந்தேன் சார். டூட்டிக்கு வாரப்ப ஒருக்க, போறப்ப ஒருக்க, எங்களையும் தெனம் அந்தத் திரைக்குள்ளதேன் கூட்டிட்டுப் போறாக."