வெளியே மூச்சு விடக் கூடாது

"பதறாம உட்காருங்க" என்று மேனேஜர் சொன்னபோதே நிதானம் பதறிவிட்டார்.

'நிதானம்' என்பது ஆபீஸ் வைத்த பெயர். லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போனில் அலறினால், "ஒண்ணும் ஆகாது, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று கதவு திறக்கும்வரை பேச்சுக் கொடுப்பார்.

மேனேஜர் கதவைச் சாத்தினார். "அடுத்த மாசம் இந்தப் பிரிவையே மூடறோம். எல்லாரும் வீட்டுக்குத்தான். நீங்க ஒருத்தர் மட்டும் தலைமை ஆபீஸுக்கு வரீங்க. வெள்ளிக்கிழமை நானே சொல்ற வரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டீங்க, உங்க வேலையும் போச்சு."

நிதானத்துக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. தன் வேலை பிழைத்ததற்குச் சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தால், பக்கத்து மேஜைக் 'கணீர்' பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவன் பேசினால் போனே தேவையில்லை, அப்படிக் குரல்.

"அண்ணே, நாளைக்குப் புது ஸ்கூட்டருக்கு அட்வான்ஸ் கட்டறேன்!"

"ஸ்கூட்டர் எதுக்குப்பா? நடந்து வந்தா உடம்புக்கு நல்லது."

"நான் இருக்கறது ஊருக்கு அந்தக் கடைசியிலண்ணே!"

சொல்லிவிட்டு அவன் நிதானத்தை ஒரு மாதிரி பார்த்தான். முதல்முறையாகக் குரலைத் தணித்தான். "அதை விடுங்க. சமையலறையை இடிச்சுக் கட்டப் போறதாச் சொன்னீங்களே, இப்ப வேணாம்ணே. இருக்கற சுவரே நல்லாத்தானே இருக்கு?"

நிதானம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் பிழைப்பில் மண் விழப்போவது தெரியாமல் என் வீட்டுச் சுவருக்குக் கவலைப்படுகிறானே, பாவி!

இருக்கிற வரையாவது காற்றாட உட்காரட்டும் என்று, ஃபேனுக்கு அடியில் இருந்த தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். அவன் திருப்பித் தள்ளினான். "நீ உட்காருப்பா." "இல்லண்ணே, நீங்கதான் உட்காரணும்." இழுபறியில் நாற்காலிக் கால் முறிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாளும் கைக்காசை எடுக்காத டைப்பிஸ்ட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் டீ வரவழைத்தார்.

என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிட்டதோ? நிதானத்துக்கு வியர்த்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. லிஃப்டில் ஒரு பெண்மணி.

"பதறாதீங்கம்மா... மூச்சை... மூச்சை..." அதற்கு மேல் அவருக்கே மூச்சு வரவில்லை.

"சார்," என்றது மறுமுனை, "நீங்க எந்த லிஃப்ட்ல மாட்டியிருக்கீங்க?"

வீட்டில் மனைவி தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சாப்பிடலையா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"வேலை போச்சா?"

"எனக்குப் போகலை!"

அவர் அலறிய அலறலில் அவள் கரண்டியைக் கீழே போட்டாள். நேராகப் போய்க் கணீரின் மனைவிக்குப் போன் போட்டாள். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"அங்கயும் அவரு ஒரு வாய் சாப்பிடாம உங்க பேரைச் சொல்லி அழறாராம்! ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

விஷயம் கசிந்துவிட்டது! இனி என் வேலையும் அம்போ! நிதானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவரை ஆபீஸுக்கு எதிரே இருந்த கிளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் முதுகில் குழாயை வைத்தார். "மூச்சை இழுங்க... விடுங்க. விடுங்கங்கறேன்ல!"

"விடக் கூடாதுன்னு உத்தரவு, டாக்டர்."

டாக்டர் குழாயைக் கழற்றினார். "உடம்புல ஒண்ணுமில்ல. மனசுல எதையோ அடக்கி வெச்சிருக்கீங்க. யார்கிட்டயாவது கொட்டிடுங்க."

வேலை போனாலும் போகட்டும், கணீரிடம் சொல்லிவிடுவது என்று நிதானம் முடிவெடுத்தார். ஆனால் யாரிடமாவது உடனே சொல்லாவிட்டால் கணீர் வீடு வரை உயிர் தாங்காது. மருந்து கொடுத்த நர்ஸின் காதருகே குனிந்தார். "அம்மா, நான் வேலை பார்க்கறது அந்த லிஃப்ட் கம்பெனியில..."

நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும் சார், எல்லாருக்கும் வேலை போகுது, உங்களுக்கு மட்டும் போகலை, வெளியே மூச்சு விடக் கூடாது, அதானே? சாயங்காலத்துலேருந்து உங்க ஆபீஸ் ஆளுங்க வரிசையா வந்து இதையேதான் சொல்லிட்டுப் போறாங்க!"