கறுப்புத் திரையும் ரெண்டு நிமிச அண்ணனும்

மலைநாட்டில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓடத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ரெண்டு நிமிச அண்ணன்தான். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். ஆள் நாற்காலியில் இருப்பார். ஒரு கால் ஏற்கெனவே வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

தலவாக்கலைக் கடைவீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவில் நானும் அவரும் வேலை பார்த்தோம். முதலாளி கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுத்து வருவார். அண்ணன் அவற்றைக் கொம்பியூட்டரில் இறக்கித் திருத்துவார். நான் அல்பம் வடிவமைப்பேன். அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது, சம்பளக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி யார் எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் "ரெண்டு நிமிசம்" என்பார். ஊருக்கு அதுவே அவர் பெயராகிவிட்டது.

முதலாளி இல்லாத நாட்களில் அடையாள அட்டைப் படமும் அண்ணன்தான் எடுப்பார். வந்தவர் ஸ்டூலைத் தேடிக் குனியும்போதே பளிச்சென்று வெளிச்சம் அடித்துவிடும். திம்புள்ளப் பக்கத்தில் பாதிப் பேர் தங்கள் அடையாள அட்டையில் அப்போதுதான் உட்காரப் போகிறவர்களைப் போல இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தது ஒரு கிழட்டுக் கொம்பியூட்டர். ஒரு கல்யாணத்தின் படங்களை இறக்கப் போட்டால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, இன்னும் இவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லும். கொஞ்சம் கழித்து யோசித்துவிட்டு அதைவிட அதிகமாகச் சொல்லும். அண்ணன் அந்தப் பெட்டியோடு சண்டை போடுவார். எழுந்து படியிறங்கிக் கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் சண்டை போடுவார். போதாததற்கு வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களிலிருந்து வைரஸ் வேறு ஏறிவிட்டது.

ஹட்டனிலிருந்து ஒரு கொம்பியூட்டர் மெக்கானிக் வந்தார். பழையதை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தந்தார். ஜன்னல் ஜன்னலாகத் திறந்தால் இந்தக் கிழடு இழுக்கத்தான் செய்யும் என்றும், கறுப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை செய்யப் பழகிக்கொண்டால் பறக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பறக்கும் என்ற சொல் அண்ணனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் உட்காராவிட்டாலும் அது உட்கார்ந்தது.

அன்றே படிப்பு தொடங்கியது. போனில் யாரோ ஒரு தமிழ்நாட்டு வாத்தியாரின் பாட வீடியோக்களைக் கண்டுபிடித்தார். வாத்தியார் பாவம், ஆரம்பிக்கிறவர்களுக்காக நிறுத்தி நிதானமாகச் சொல்லித் தருபவர். அண்ணன் அவரை இரட்டை வேகத்தில் ஓடவிட்டார். ஸ்டூடியோவில் நாள் முழுக்க இரண்டு அணில்கள் வாக்குவாதம் செய்வதைப் போலச் சத்தம் கேட்டது. பாடம் கொஞ்சம் நீண்டால் விரலால் தள்ளி அடுத்ததுக்குப் போய்விடுவார்.

கற்றதை உடனே எனக்கும் சொல்லித் தந்துவிட வேண்டும் அவருக்கு. எல்.எஸ். என்று அடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும், சி.டி. என்று அடித்தால் அந்த போல்டருக்குள் போகும் என்றார். அடுத்தது பி.டபிள்யு.டி. என்றதும், ரோட்டுப் போடுகிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"அவங்க இல்ல தங்கச்சி. நாம இப்ப எங்க நிக்கிறோம்னு கேக்குறது."

அதை மட்டும் அவர் அடிக்கடி அடித்துப் பார்ப்பார். அவர் போகிற வேகத்துக்குத் தேவையான கேள்விதான்.

டேப் விசையை அமுக்கினால் பாதி எழுதிய பெயரை அதுவே எழுதி முடிக்கும் என்று தெரிந்த நாளில், அப்படி ஒரு பெண் கிடைத்திருந்தால் கட்டியிருப்பேன் என்றார். அடுத்த பெஞ்சிலிருந்து முதலாளி, அவளும் உனக்காகக் காத்திருக்க மாட்டாள் என்று சொன்னதை அவர் கேட்கவில்லை. அதற்குள் கீழே போயிருந்தார்.

ஒரு நாள் கேட் என்ற கட்டளையை அடித்தார். ஒரு பைலின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் அதற்குள் இருப்பதை வாசித்துக் காட்டும். அண்ணன் பெயரைக் கொடுக்காமலே என்டரைத் தட்டிவிட்டார். அவர் ஏதாவது எழுதுவார் என்று கொம்பியூட்டர் காத்திருந்தது. அது ஏதாவது காட்டும் என்று அவர் காத்திருந்தார். யார் முதலில் தோற்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அண்ணன் ஆங்கில எழுத்தில் "ஏன் பேசாம இருக்க" என்று அடித்தார். கொம்பியூட்டர் அடுத்த வரியில் "ஏன் பேசாம இருக்க" என்று திருப்பிக் கேட்டது. "யார்கிட்ட விளையாடுற" என்றார். "யார்கிட்ட விளையாடுற" என்றது. சண்டை முற்றி, வாயால் சொல்லக் கூசுகிற வார்த்தைகளுக்கு வந்து, அத்தனையும் வரி பிசகாமல் அவருக்கே திரும்பி வந்தது. கடைசியில் மெயின் சுவிட்சை அணைத்தார். எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்வதுதான் அந்தக் கட்டளையின் வேலை என்பது, அவர் தள்ளிவிட்டுப் போன பாடத்தில் இருந்தது.

ஆனால் அவரை உண்மையில் வாட்டியது வேறு. கறுப்புத் திரையில் ஒரு வேலை சரியாக நடந்துவிட்டால் அது ஒன்றுமே சொல்லாது. தவறினால்தான் வாயைத் திறக்கும். அண்ணனுக்கு இந்த மௌனம் பிடிபடவேயில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும் என்று கேட்டுப் புலம்புவார். பிறகு மெல்ல, அது ஒன்றும் சொல்லவில்லை என்றால் வெற்றி என்று நம்பப் பழகினார். அங்கேதான் வினை வந்தது.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறவர். மகளின் கல்யாணத்துக்காக லீவில் வந்து, தாலி கட்டி முடிந்த மறுநாளே திரும்புகிறார். விமான நிலையத்துக்குப் போகிற வேனை எங்கள் கடைக்குக் கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தார். புதுச் செருப்பு படியில் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்தபடியே நின்று பேசினார்.

"அல்பம் நா திரும்பி வர்றப்ப பாத்துக்கிறேன் தம்பி. நானும் மகளும் நிக்கிற படம் ஒன்னே ஒன்னு. அத மட்டும் போனுக்கு அனுப்பிருங்க."

அண்ணன் வழக்கம்போல ரெண்டு நிமிசம் என்றார். வேன் கிளம்பியது.

உடனே வேலையில் இறங்கினார். மெமரி கார்டிலிருந்து படங்களைக் காப்பி பண்ணிவிட்டு அப்புறம் கார்டைத் துடைப்பதுதான் வழக்கம். அண்ணனுக்கு அது இரண்டு வேலை. எம்.வி. என்ற கட்டளை படத்தை இங்கிருந்து அங்கே நகர்த்திவிடும், ஒரே வேலை. ஒவ்வொரு படமாக எடுத்து 'கல்யாணம்' என்ற போல்டருக்குள் போடு என்று ஒரே வரியில் எழுதித் தட்டினார். கார்டு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்து ஓய்ந்தது. திரை ஒன்றும் சொல்லவில்லை. வெற்றி. கார்டைக் கழற்றி முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதைக் கமராவில் போட்டுக்கொண்டு லிந்துலையில் ஒரு சடங்கு வீட்டுக்குப் புறப்பட்டார்.

அந்த அம்மா கேட்ட படத்தை எடுப்பதற்காக நான் கல்யாணத்தைத் திறந்தேன். போல்டர் திறக்கவில்லை, ஒரே ஒரு படம்தான் திறந்தது. மண்டப வாசலில் கிடந்த செருப்புக் குவியல்.

அண்ணன் அந்த போல்டரை முதலில் உண்டாக்க மறந்திருந்தார். அப்படி ஒரு போல்டர் இல்லையென்றால், பெயரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எம்.வி. எடுத்துக்கொள்ளும். முதல் படத்துக்குக் கல்யாணம் என்று பெயர் வைத்தது. இரண்டாவதுக்கும் அதே பெயரை வைத்து முதலாவதின் மேலேயே எழுதியது. இப்படியே ஒன்றை ஒன்று விழுங்கி, கடைசியாக முதலாளியின் விரல் தவறி விழுந்த செருப்புப் படம் மட்டும் மிஞ்சியது. கார்டிலும் ஒன்றும் இல்லை, நகர்த்தியாயிற்று. ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. சொன்னதைச் செய்ததில் கொம்பியூட்டர் எந்தப் பிழையும் செய்யவில்லை.

அண்ணன் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அழித்த படங்கள் கார்டில் இன்னும் மறைந்துதான் கிடக்கும், ஆனால் அதன் மேல் புதுப் படம் எடுக்க எடுக்கப் பழையது போய்விடும், முதலில் ஓடிப்போய்க் கமராவை நிறுத்து என்றார் அவர். முதலாளியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. விசேஷ வீடுகளில் அவர் அதைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்.

ஓர் ஆட்டோவைப் பிடித்தோம். எங்களுக்கு முன்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கி வாங்கி ஏறியது. முந்த வழியில்லை. அண்ணன் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடத் தொடங்கினார். லொறியையும் தாண்டினார். மேடு முடிந்து இறக்கம் வந்ததும் லொறி அவரைத் தாண்டியது, பின்னால் நாங்களும் தாண்டப் பார்த்தோம். கையைக் காட்டி மறுபடி ஏறிக்கொண்டார். அடுத்த மேட்டில் மறுபடி குதித்தார். சிங்களக்கார டிரைவர் என் பக்கம் திரும்பி, இவருக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று அவர் பாஷையில் இரக்கத்தோடு விசாரித்தார்.

சடங்கு வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கூட்டத்துக்குள் பாய்ந்து முதலாளியின் கழுத்திலிருந்த கமராவைப் பிடித்து இழுத்தார். பெண்ணின் தாய்மாமன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார். நான் நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னேன். முதலாளி கார்டைக் கழற்றிக் கொடுத்தார். பையிலிருந்த வேறு கார்டைப் போட்டுக்கொண்டு திரும்பவும் படம் எடுக்கப் போனார். அவர் திட்டியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் போவதற்குள் கொஞ்சம் படம் எடுத்துவிட்டார். அந்த அளவுக்குக் கல்யாணம் போனது போனதுதான்.

அழிந்த படங்களைத் தோண்டியெடுக்கும் புரோகிராம் ஒன்றை மெக்கானிக் போனிலேயே சொல்லித் தந்தார். அதுவும் கறுப்புத் திரைதான். தொடங்கினால் முடியும்வரை எதையும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அண்ணன் விசைப்பலகையைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"நா கேட்டாலும் குடுக்காதீங்க தங்கச்சி."

மழை பிடித்துக்கொண்டது. ஸ்டூடியோவில் அன்று மத்தியானம் முழுக்க அவர் அந்த நாற்காலியில் இருந்தார். இரண்டு காலையும் நாற்காலிக் காலுக்குள் கொடுத்துப் பின்னிக்கொண்டு, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு இருந்தார். உடம்பு மட்டும் உள்ளுக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது, நாற்காலி நடுங்கியதில் தெரிந்தது. நான் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை கட்டியது. ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். அந்த அக்கா இந்நேரம் விமானத்தில் ஏறியிருப்பார்களா என்று கேட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் படங்கள் வந்து முடிந்தன. பெயரில்லாமல், வரிசையில்லாமல், வெறும் இலக்கங்களாக வந்தன. சாப்பாட்டுப் பந்தி முதலில், தாலி கடைசியில். அம்மாவும் மகளும் நிற்கும் படமும் இருந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே படம் இல்லை, வெறும் சாம்பல் நிறம்.

அந்தச் சாம்பலை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்று, சடங்கு முடித்துத் திரும்பியிருந்த முதலாளி சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அண்ணன் கேட்கவில்லை. குவைத்தில் அந்த அம்மா வேலைக்குத் திரும்பி, போன் எடுக்கக் கூடிய நேரம் பார்த்து, மறுநாள் அண்ணனே பேசினார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். போல்டர் உண்டாக்காததையும் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது என்ன விளங்கியிருக்கும் என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நெடுநேரம் சத்தமே இல்லை. அண்ணன் பேச்சை இட்டு நிரப்பாமல் நின்றார்.

"மொகம் தெரியுதா தம்பி?"

"தெரியுதுங்கக்கா. ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. கீழ சேலதான் போயிருச்சு."

"சேல போனா போவுது. அது என் தங்கச்சியோடது." அவர் சிரித்த சத்தம் எனக்கும் கேட்டது. "அனுப்புங்க."

அத்தோடு முடியவில்லை. கலைந்து கிடந்த படங்களை வரிசையாக்க வேண்டுமே. எந்தச் சடங்குக்குப் பிறகு எது, யார் யாருக்கு மாலை போட்டார்கள் என்று எங்களுக்கு என்ன தெரியும்? அந்த அம்மா தானே சொல்வதாகச் சொன்னார். வீட்டுக்காரர்கள் தூங்குகிற பிற்பகலில் அங்கிருந்து அழைப்பு வரும். அண்ணன் ஒரு படத்தை அனுப்புவார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, இது மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியது, இதற்கு முன்னால் என் தம்பி ஒரு கூத்துப் பண்ணினான் என்று ஆரம்பித்து, அந்தக் கூத்து முழுவதையும் சொல்வார். அண்ணன் அடுத்த படத்தைத் தானாக அனுப்பவே மாட்டார். அவர் சொல்லி முடித்து, அடுத்தது என்ன தம்பி என்று கேட்கட்டும் என்று இருப்பார். அந்த அல்பம் முடிய எங்கள் ஸ்டூடியோவில் எந்த அல்பத்துக்கும் ஆகாத காலம் ஆனது. முதலாளிகூட அவசரப்படுத்தவில்லை.

நான் இப்போது நுவரெலியாவில் வேறு வேலையில் இருக்கிறேன். தலவாக்கலை வழியாகப் போகும்போது பஸ் நின்றதும் அந்த மேல்மாடி ஜன்னலைப் பார்ப்பேன். அநேகமாக அவர் அங்கே இருக்க மாட்டார், எங்காவது ஓடியிருப்பார். இருந்தாலும் பஸ் கிளம்புகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பேன்.